ஆர்எக்ஸ் 5700-ஐ எக்ஸ்டி ஆக்குவதா, எக்ஸ்டியையே வாங்குவதா? மலையகத்துக்கான ஓர் அலசல்

ஏஎம்டியின் கிராபிக்ஸ் கார்டான ஆர்எக்ஸ் 5700-க்கு 5700 எக்ஸ்டி என்று ஓர் அண்ணன் உண்டு. "பயோஸ் அடிச்சா 5700 அப்படியே எக்ஸ்டி ஆகிரும்" என்று விற்பவர் சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். பயோஸ் என்பது கார்டுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்; அடிப்பது, அதாவது ஃப்ளாஷ் செய்வது, அதை மாற்றி எழுதுவது. பயோஸ் மாற்றித் திறக்கக்கூடியது கிளாக் வேகமும் மின் வரம்பும்தான். சிப்புக்குள் அணைத்து வைத்த ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) திரும்பி வருவது பழைய கதை. 2010 கடைசியில் வந்த ரேடியன் எச்டி 6950-இல் 1408 ஷேடர் 1536 ஆகி 6970-க்கு ஈடானது. 2016-இன் ஆர்எக்ஸ் 460-இலும் 896-ஐ 1024 ஆக்க வழி கிடைத்தது. இப்போது செகண்ட் ஹேண்டில் சுற்றும் கார்டுகளில் அந்த யோகம் இல்லை. ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மலிவான கார்டுக்கும் பெரிய கார்டுக்கும் உள்ள இடைவெளி வேகத்தில் இருக்கிறதா, ஷேடரில் இருக்கிறதா?

5700-க்கு இடைவெளி இரண்டிலும் உண்டு, ஆனால் அடைக்கக்கூடிய அளவில். 5700, எக்ஸ்டி இரண்டுமே 2019 ஜூலையில் வந்தவை. இரண்டிலும் 8 ஜிபி ஜிடிடிஆர்6, 256 பிட், நொடிக்கு 448 ஜிபி. வித்தியாசம் 2304 ஷேடருக்கும் 2560-க்கும் இடையில். அதாவது எக்ஸ்டியில் 11 சதவீதம் கூட. கணக்குப் போட்டால் 2304 ஷேடர் 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதும் 2560 ஷேடர் 1800-இல் ஓடுவதும் சரிக்குச் சரி. எக்ஸ்டி தன் இயல்பில் கேம்களில் கிட்டத்தட்ட அந்த 1800-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. 5700-ஐ 2000-க்குத் தள்ள முடியாதபடி அதன் சொந்த பயோஸ் கட்டிப்போட்டிருக்கிறது: கிளாக் ஸ்லைடர் 1850 அளவில் நின்றுவிடும், மின் வரம்பு 20 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எக்ஸ்டி பயோஸில் இந்த இரண்டு கட்டும் அவிழ்கிறது. ஆனால் எக்ஸ்டி வைத்திருப்பவரும் 2000-க்கு ஏற்றினால் அந்த 11 சதவீதம் திரும்ப வந்து நிற்கும். அதற்குப் பதிலே கிடையாது.

பயோஸைத் தொடாமலே இதைச் செய்ய இன்னொரு வழி இருக்கிறது. மோர்பவர்டூல் என்ற சிறு மென்பொருள் மின் வரம்பு, கிளாக் வரம்புகளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடும். பிழையாகிப் போனால் சேஃப் மோடில் போய் அழித்துவிடலாம், கார்டுக்கு ஒன்றும் ஆகாது. ட்ரைவரைப் புதிதாகப் போட்டால் மறுபடி எழுத வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. மின்சாரம் நினைத்த நேரம் போய்வரும் ஊரில் பயோஸ் அடிப்பதை விட இதுவே புத்தி. பயோஸ் அடித்தே தீருவேன் என்பவர்களுக்கு முறை கீழே.

பக்கத்து வீட்டுக்காரர் போல 5600 எக்ஸ்டி இருக்கிறது. ஷேடர் அதே 2304, ஆனால் 6 ஜிபி, 192 பிட். 2020 ஜனவரியில் கடைக்கு வரும் நேரத்திலேயே ஏஎம்டி புதிய பயோஸ் கொடுத்து வேகத்தை ஏற்றியது. மெமரி 12-இலிருந்து 14 ஜிபிபிஎஸ் ஆனது. பழைய பயோஸோடேயே இன்றுவரை ஓடும் கார்டுகள் உண்டு. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி கிளாக் 1500 என்று காட்டினால் பழையது, 1750 என்றால் புதியது. தயாரிப்பாளரே தரும் பயோஸ் இருந்தால் அதைப் போடுங்கள். இந்த முழுப் பட்டியலிலும் பயமில்லாத இலவச வேகம் இது ஒன்றுதான். சில போர்டுகளுக்கு 14 ஜிபிபிஎஸ் கொடுக்கப்படவே இல்லை என்பதையும் நினைவில் வைக்கவும்.

ஏஎம்டியின் பழைய வேகா 56 வேறு ரகம். அதன் அண்ணனான வேகா 64-இன் பயோஸ் போட்டால் கிடைக்கும் உண்மையான லாபம், எச்பிஎம் என்ற வகை மெமரியின் வோல்டேஜ் 1.25-இலிருந்து 1.35-க்கு ஏறுவது. சாம்சங் மெமரி என்றால் 800 மெகாஹெர்ட்ஸில் கிடந்தது 945-ஐத் தொடும். ஹைனிக்ஸ் என்றால் பெரும்பாலும் தொடாது. திரையில் புள்ளி விழுந்து தொங்கிவிடும். எது என்பதை ஜிபியு-இசட் காட்டும். அதைக் காட்டாமல் விற்பவரிடம் வாங்க வேண்டாம். இந்தக் கார்டின் வயிறு பெரிது: இயல்பிலேயே 210 வாட், 64 பயோஸில் 295-ஐ நோக்கி ஓடும். ஏஎம்டி சொன்ன பவர் சப்ளை 56-க்கு 650 வாட், 64-க்கு 750. ட்ரைவரிலும் வேகா, போலாரிஸ் (ஆர்எக்ஸ் 400, 500 வரிசை) இரண்டையும் 2023-இலேயே தனிக் கிளைக்கு ஒதுக்கிவிட்டார்கள். விலை மிகக் குறைவாக இருந்தாலொழிய தவிர்ப்பது நல்லது.

"ஆர்எக்ஸ் 580" என்று எழுதி வரும் பெட்டியில் 2048 ஷேடர் இருந்தால் அது பெயர் மாற்றிய 570. 2304 பயோஸ் அடித்தாலும் ஷேடர் அதிகமாகாது, திரை மட்டும் கறுப்பாகலாம். இவற்றில் பல கிரிப்டோ நாணய மைனிங்கில் உழைத்தவை. மெமரி டைமிங் மாற்றிய பயோஸ் உள்ளே கிடக்கும், ட்ரைவர் ஏற மறுக்கும். இங்கே ஃப்ளாஷ் என்பது பெரிதாக்க அல்ல, பழைய நிலைக்குக் கொண்டுவர மட்டும். போட்ட பின் எச்டபிள்யுஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் மெமரி எரர் எண்ணிக்கை பூச்சியமாக நிற்கிறதா பாருங்கள்.

என்விடியாவின் ஜிஃபோர்ஸ் பக்கம் பேச்சு குறைவு. பயோஸ் டிஜிட்டல் கையொப்பமிட்டது, வேகம் ஏற்றும் மென்பொருளான ஆஃப்டர்பர்னரின் ஸ்லைடரோடு நிறுத்திக்கொள்வதே முறை. பழைய ஜிடிஎஸ் 450-க்கு 1050 டிஐ என்று பெயர் எழுதி விற்கும் மோசடி உண்டு. ஜிபியு-இசட் அதன் பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடும்.

இனி நம் ஊர்க் காற்று. நுவரெலியா 1868 மீட்டர் உயரம்; காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஆறில் ஒரு பங்கு குறைவு, விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றும் அந்த அளவு குறையும். ஆனால் உள்ளே போகும் காற்று பத்துப் பன்னிரண்டு பாகை குளிராக இருப்பதால் கடைசியில் லாபம் நமக்குத்தான். ஹட்டனிலும் இதே கதை, கொஞ்சம் குறைவாக. கண்டியில் இந்தச் சலுகை கிடையாது. மார்கழி விடியலில் 2050-இல் நின்ற கார்டு பங்குனிப் பகலில் விழும். சோதனையை எப்போதும் வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். ஜங்ஷன் வெப்பம் (சிப்பின் மிகச் சூடான இடத்தின் வெப்பம்) 110 பாகையில் கார்டு தானாக வேகத்தைக் குறைக்கும். 95-க்குள் வைப்பது நல்லது.

உண்மையான தடை மின்சாரம். நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் தோட்ட வீடுகளில் மாலை நேரம் 230 வோல்ட் கிடைக்காது. பின்னால் சிவப்பு 115/230 சுவிட்ச் உள்ள மலிவு பவர் சப்ளைக்கு அது தாங்காது. 100 முதல் 240 வரை என்று லேபிளில் இருப்பதை எடுங்கள். "500 வாட்" என்ற பெரிய எழுத்தை விடுங்கள், 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள்: 34 ஆம்பியர் என்றால் 408 வாட்தான். எக்ஸ்டி பயோஸ் போட்ட 5700-க்கு 225 வாட்டுக்கு மேல், சிபியுவுக்கு 100, மற்றதற்கு 50. மின் இழுவை திடீரெனத் துள்ளுவதற்கும் இடம் வேண்டும். 12 வோல்டில் 45 ஆம்பியருக்குக் குறைந்தால் வேண்டாம். 650 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். கேம் நடுவே கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். பயோஸ் அடிக்கும்போது கணினி 100 வாட் கூட இழுக்காது, அந்த வேலைக்கு அது போதும்.

அடிக்கும் முறை: சித்திரை, ஐப்பசி மாத இடி மின்னல் மாலைகளில் தொடவே கூடாது. ஜிபியு-இசட்டில் இருக்கும் பயோஸைச் சேமித்து பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். அதே கம்பனியின், அதே போர்டு வடிவமுள்ள எக்ஸ்டி பயோஸையே எடுக்க வேண்டும்; வேறு கம்பனியுடையது என்றால் ஒரு டிஸ்ப்ளே போர்ட் செத்துப்போகும், அல்லது விசிறி சுழலாது. உங்கள் மெமரி மைக்ரானா சாம்சங்கா, அந்த பயோஸ் அதை ஆதரிக்கிறதா என்றும் பார்க்கவும். இரட்டை பயோஸ் சுவிட்ச் இருந்தால் ஒன்றைத் தொடாமல் விடுங்கள். அடித்த பின் முழுதாக அணைத்து ஏற்றி, ட்ரைவரைச் சுத்தமாகத் திரும்பப் போடுங்கள். ஜிபியு-இசட் இன்னும் 2304 என்றே காட்டும், அதுதான் சரி.

பிறகு கோர் கிளாக்கை 1900 மெகாஹெர்ட்ஸில் வைத்து வோல்டேஜை 10, 20 மில்லிவோல்ட்டாக இறக்குங்கள். நின்றால் 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றுங்கள். மெமரியை 10 மெகாஹெர்ட்ஸ் வீதம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஜிடிடிஆர்6 பிழையைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும், எனவே தொங்காது. சூப்பர்பொசிஷன் என்ற வேகச் சோதனை மென்பொருளின் மதிப்பெண் ஏறி, ஓரிடத்தில் இறங்கத் தொடங்கும். இறங்கிய இடத்திலிருந்து 20 பின்னால் வாருங்கள்.

திரை கறுத்துவிட்டால் மதர்போர்டின் உள் கிராபிக்ஸில், அல்லது ஏதாவது ஒரு பழைய கார்டில் ஏற்றிப் பழைய பயோஸைத் திரும்ப அடிக்கலாம். கார்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமர் என்ற கருவியும் எட்டுக் கால் கிளிப்பும் வேண்டும். பயோஸ் சிப்பின் மேல் எழுதிய எண்ணைத் தேடி அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று தெரிந்த பிறகே கிளிப்பை மாட்டவும். 1.8-க்குத் தனி அடாப்டர் உண்டு. இத்தனைக்கும் பிறகு எக்ஸ்டியின் விலை பத்து சதவீதம்தான் கூட என்றால், எக்ஸ்டியையே எடுங்கள்.