மில்-ஹேண்ட்புக் 470ஏ: பின்னிணைப்புக்காகவே வைத்திருக்கலாம்

ராணுவத்துக்கு வயர்லெஸ் கருவி செய்து கொடுக்கும் இடத்தில் சோதனைத் திட்டம் எழுதுவது என் வேலை. சூடு, ஈரம், அதிர்வு எல்லாவற்றுக்கும் நம் முப்படைகளின் பொதுத் தரநிலையான ஜேஎஸ்எஸ் 55555 இருக்கிறது. ஆனால் பழுதானால் எவ்வளவு நேரத்தில் சரிசெய்யலாம் என்று நிரூபிக்கச் சொன்னால், நான் திறப்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997இல் வெளியிட்ட இந்த ஹேண்ட்புக்கைத்தான். பிடிஎஃப் இலவசம்.

முன்பாதியில் நிர்வாக உபதேசம் அதிகம், தாண்டிவிடலாம். சரக்கெல்லாம் பின்னிணைப்பில், சோதனை முறைகளில் இருக்கிறது: கருவியில் நாமே வேண்டுமென்று பழுதை வைத்து, சரிசெய்ய ஆகும் நேரத்தை அளப்பது. இந்தச் சோதனைக்கு முன்பு இருந்த அமெரிக்க ராணுவத் தரநிலையான மில்-ஸ்டாண்டர்டு 471ஏ இதற்குள் அடங்கிவிட்டது. எந்தப் பழுதைச் சோதிப்பது என்பதை நம் வசதிக்கு விடாததுதான் இதில் எனக்குப் பிடித்தது. அடிக்கடி கெடும் பாகத்துக்கு அதிகப் பங்கு. மொத்தப் பழுதில் பவர் சப்ளைக்கு 40 சதவீதம் என்றால், 30 பழுதில் 12 அதற்குப் போகும். அப்புறம் அந்தப் பங்குக்குள் எந்தப் பழுது என்பது குலுக்கல் முறையில் தேர்வு.

டெக்னீஷியனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பழுதை வைக்க வேண்டும். கனெக்டரில் ஒரு பின்னுக்கு டேப் சுற்றினால், திறந்த தடம் தெரியாமல் மூடியைப் பழையபடி முடுக்க வேண்டும். உள்ளே வருபவருக்கு 'ஒலி வரவில்லை' என்ற புகார் மட்டும்தான் தெரியும். அவர் வடிவமைத்த இன்ஜினியராக இருக்கக் கூடாது. களத்தில் இருப்பவரின் பயிற்சியும் அவருடைய டூல் பெட்டியும்தான் கணக்கு.

பெரும்பாலான பழுது சட்டென்று முடியும், ஒன்றிரண்டு மட்டும் மணிக்கணக்கில் இழுக்கும். சராசரி 30 நிமிடம் என்று மட்டும் எழுதினால் அந்த ஒன்றிரண்டும் ஒளிந்துகொள்ளும். அதனால் 95 சதவீதப் பழுதுகள் எந்த நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற உச்ச வரம்பையும் சேர்த்தே சோதிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறை? வயது தெரிகிறது. சாப்ட்வேர் தொங்கி, ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடும் பழுதுகளுக்கு இதில் பெரிதாகப் பிடி கிடைக்காது. உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் நேரம் பழுதுபார்க்கும் நேரத்தில் சேராது என்பதையும் மேலதிகாரிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: 1994இல் வில்லியம் பெர்ரி அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, ராணுவத் தரநிலைகளை ஒப்பந்தத்தில் திணிப்பதைக் குறைக்கச் சொன்னார். அந்தக் காற்றில் வந்தது இது. 'வழிகாட்டுதலுக்கு மட்டும், நிபந்தனையாகக் காட்டாதீர்கள்' என்று அட்டையிலேயே இருக்கிறது. ஆனாலும் எங்களுக்கு வந்த ஒரு டெண்டரில் '470ஏ-யின்படி சோதிக்க வேண்டும்' என்று ஒரே வரி. எந்த முறை, எத்தனை பழுது, தப்பான முடிவு வந்தால் யார் தலையில் எவ்வளவு ரிஸ்க், எதுவும் இல்லை. கடிதம் போட்டுக் கேட்டோம். 'ஹேண்ட்புக்கைப் பார்க்கவும்' என்று பதில் வந்தது.