யூரின் அல்புமின் ஸ்ட்ரிப்: நான்கு வருடம், பதினாறு பாட்டில்

ஆன்லைனில் இந்த ஸ்ட்ரிப்புக்கு வந்திருக்கும் ரிவியூக்களைப் படித்துப் பார்த்தேன். "பேக்கிங் நன்றாக இருந்தது", "சொன்ன தேதிக்கு வந்தது", இந்த ரகம்தான். சரி, தினமும் விடிந்ததும் இதைக் கையில் எடுக்கிற ஆள் ஒருத்தியாவது எழுதட்டுமே என்றுதான் உட்கார்ந்தேன். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம், அதாவது அல்புமின் என்ற புரதம் சிறுநீரகம் வழியாக யூரினில் கசிகிற நோய், உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் முழுக்கப் படியுங்கள், மற்றவர்களுக்கு இது கொஞ்சம் போரடிக்கும்.

எங்கள் ஊர் கும்பகோணம். மகனுக்கு நான்கு வயது முடிந்த சமயம், ஒரு நாள் காலையில் இரண்டு கண்ணும் வீங்கி எழுந்தான். கொசு கடித்திருக்கும் என்றார் மாமியார். சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது, மறுநாள் காலையில் மறுபடி வந்தது. முதலில் காட்டிய இடத்தில் அலர்ஜி என்று சொல்லிக் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் சிரப்பும் கொடுத்தார்கள், அதிலேயே பத்து நாள் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாக்ஸைக் கழற்றினால் காலில் வளையம் மாதிரி ஆழமாகப் பதிந்திருந்தது, அப்புறம் டவுசர் பட்டன் போட முடியவில்லை, வயிறு தண்ணீர்க்குடம் மாதிரி ஆகிவிட்டது. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். யூரினில் அல்புமின் நான்கு பிளஸ். ஒரே ஒரு யூரின் டெஸ்ட், ஐந்து நிமிட வேலை, அதை அந்தப் பத்து நாளில் யாரும் எழுதித் தரவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் கொடுத்த சீட்டில் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கீழே இந்த ஸ்ட்ரிப் பாட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டும் எழுதியிருந்தது. "நோட்டு இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவேம்மா" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன், அடுத்த மாதம் ஒரு அம்மாவை நிஜமாகவே வெளியே உட்கார வைத்துப் பழைய ரீடிங்கையெல்லாம் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள்.

இனி பொருளுக்கு வருகிறேன். ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன் நுனியில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னச் சதுரம், அவ்வளவுதான். அந்தச் சதுரத்தில் ஒரு சாயம் இருக்கிறது. யூரினில் அல்புமின் இருந்தால் அது சாயத்தோடு ஒட்டிக்கொண்டு மஞ்சளைப் பச்சையாக்கும், அதிகமானால் நீலம் கலந்த பச்சை. மாறாமல் மஞ்சளாகவே இருந்தால் "நில்" (nil), அதாவது அல்புமின் இல்லை. அதற்கு மேல் டிரேஸ், அதாவது லேசான சுவடு, ஒரு பிளஸ் என்றால் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம், இரண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300, நான்கு பிளஸ் என்றால் 2000 அளவுக்குக்கூடப் போகும். அதாவது ஒவ்வொரு படியும் ஒரே உயரம் இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு ஆவதும் மூன்றிலிருந்து நான்கு ஆவதும் ஒன்றல்ல என்பது எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆயிற்று. தோய்த்து எடுக்கிற இந்த யோசனையை அமெரிக்காவில் 1950களில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ என்ற கணவன் மனைவி விஞ்ஞானிகள் கொண்டுவந்தார்களாம். முதலில் வந்தது சர்க்கரைக்கானது, 1956ல். அதற்கு முன்னால் பெரும்பாலும் டியூபில் யூரினை ஊற்றி, மருந்து சேர்த்தோ காய்ச்சியோதான் பார்க்க வேண்டும். அந்தம்மாவுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு.

செய்முறை: காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரின். பட்டையை முக்கி உடனே எடுத்து, கப் விளிம்பில் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்து மீதியை வடித்துவிட்டு, படுக்கைவசமாகப் பிடித்துக்கொண்டு அறுபது விநாடி. எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பயத்தில் எண்ணினால் அறுபது நாற்பதிலேயே முடிந்துவிடும், இது அனுபவம். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு "ஐயோ பச்சை" என்று அலறுவதும் தப்பு.

இதனால் என்ன லாபம் என்றால், வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாள் முன்னாலேயே இது சொல்லிவிடும். எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. ஐப்பசி மழை, பையனுக்குச் சளி. திங்கள் நில், செவ்வாய் நில், புதன் டிரேஸ், வியாழன் இரண்டு பிளஸ், வெள்ளி மூன்று பிளஸ், சனி மூன்று, ஞாயிறு மூன்று. முகத்தில் ஒரு துளி வீக்கம் கிடையாது, பையன் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறான். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் அது ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்பிவிட்டது, எல்லா ஊர் டாக்டரும் வைத்திருக்கும் கணக்கு இதுதான். ஞாயிற்றுக்கிழமையே டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையை அவர் சொன்ன அளவுக்கு மாற்றினோம், ஒன்பதாம் நாள் நில். முதல் தடவை பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது, கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸும் நானும் சேர்ந்து அழுதது, இதெல்லாம் இந்தத் தடவை இல்லை. எனக்கு இந்த ஒன்றுக்காகவே ஐந்து ஸ்டார் கொடுக்கலாம்.

கொடுக்கவில்லை. ஏனென்றால் இதைச் செய்பவர்கள் லேப் டெக்னீஷியனை மனதில் வைத்துச் செய்கிறார்கள், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒரு அம்மாவை அல்ல. நூறு பட்டையும் ஒரே பாட்டிலில். ஈரம் பட்டால் சாயம் கெட்டுவிடும், ஆனால் தினமும் திறந்துதானே ஆக வேண்டும்? மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டுவிட்டேன், மறுநாளிலிருந்து தோய்க்காத பட்டையே இலேசான பச்சையில் வந்தது. முக்கால் பாட்டில் குப்பைக்குப் போயிற்று. பத்துப் பத்தாகத் தனி உறையில் போட்டுத் தந்தால் என்ன? உள்ளே கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை வேண்டாத குப்பை என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள், பிரிட்ஜிலும் வைக்காதீர்கள், பாத்ரூமில் வைக்கவே வைக்காதீர்கள்.

அப்புறம் கலர் சார்ட். அது பாட்டில் மேலேயே ஒட்டியிருக்கிறது, ஈரக்கையால் தொட்டுத் தொட்டு இரண்டு மாதத்தில் மங்கிவிடும். நில்லுக்கும் டிரேஸுக்கும் நடுவே இருக்கிற அந்த மஞ்சளும் மஞ்சள்பச்சையும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும், வாசல் பக்கம் எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் பிரியும். என் வீட்டுக்காரருக்கு அங்கேயும் பிரியாது. பச்சை சிவப்பு குழம்புகிற கண் அவருக்கு, கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து இந்த ஸ்ட்ரிப்பால்தான் எங்களுக்கே அது தெரிந்தது. நான் ஊருக்குப் போயிருந்த மூன்று நாளும் அவர் தைரியமாக "நில்" என்று எழுதி வைத்திருந்தார். நான் வந்து பார்த்தால் ஒரு பிளஸ். வீட்டில் யார் பார்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள், ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

பொய்யாக ஏற்றிக் காட்டுவதும் உண்டு. ஒரு நாள் திடீரென்று இரண்டு பிளஸ், முந்தின நாள் வரை சுத்தமாக நில். பதறிப்போய் மறுபடி பிடித்துப் பார்த்தேன், அதே. பிறகுதான் தெரிந்தது, அத்தை பாவம், சுத்தமாக இருக்கட்டுமே என்று யூரின் கப்பைத் தரை துடைக்கிற கிருமிநாசினி ஊற்றிக் கழுவியிருக்கிறார். அந்த மாதிரி சில கிருமிநாசினி இரசாயனம் கப்பில் ஒட்டியிருந்தால் அல்புமின் இல்லாமலே பட்டை பச்சையாகும். புது கப்பில் பிடித்தேன், நில். தண்ணீரே குடிக்காமல் விளையாடிவிட்டு வந்த மறுநாள் யூரின் கெட்டியாக இருக்கும், அப்போதும் டிரேஸ் காட்டலாம். காய்ச்சல் நேரத்திலும் கொஞ்சம் வரும். அதனால்தான் ஒரு நாள் ரீடிங்கை வைத்து யாரும் மாத்திரையை ஏற்றுவதில்லை, நீங்களும் ஏற்றாதீர்கள்.

விலை பிரச்சினை இல்லை, ஒரு பட்டைக்கு ஒரு டீ காசுகூட ஆகாது. ஆனால் மெடிக்கலில் பத்துக் கட்டம் உள்ள ஸ்ட்ரிப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம். சர்க்கரை, புரோட்டீன் என்று இரண்டு கட்டம் உள்ளது போதும். சர்க்கரை எதற்கு என்று நானும் நினைத்தேன், ஸ்டீராய்டு அதிக டோஸில் போகும்போது சில பிள்ளைகளுக்குச் சர்க்கரையும் ஏறும், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். கட்டத்துக்குக் கட்டம் பார்க்க வேண்டிய நேரம் வேறு, அதை மட்டும் கவனியுங்கள்.

இதற்கு மாற்று, சல்ஃபோசாலிசிலிக் ஆசிட். எங்கள் வார்டில் நிறைய அம்மாக்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். டியூபில் யூரின், மேலே சில சொட்டு ஆசிட், அல்புமின் இருந்தால் மோர் மாதிரி கலங்கும். டியூபுக்குப் பின்னால் தினத்தந்தியைப் பிடித்து, எழுத்துத் தெரிந்தால் ஒரு பிளஸ், தடித்த தலைப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தால் இரண்டு, எதுவுமே தெரியாவிட்டால் மூன்று, தயிர் மாதிரித் திரிந்தால் நான்கு. ஸ்ட்ரிப்பை விட மலிவு, நிறக் குழப்பம் கிடையாது, என் வீட்டுக்காரருக்குக்கூடச் சரிப்படும். ஆனால் ஆசிட் பாட்டிலைக் குழந்தை இருக்கிற வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், சில ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அதுவும் பொய்யாகக் கலங்கும். வெளியூர் போகும்போது ஸ்ட்ரிப்தான் சௌகரியம்.

இந்த மஞ்சள் சதுரத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது வேறொரு விஷயத்தில். சளி பிடித்தால் ரிலாப்ஸ் வரும், எனவே சளி தொடங்கியதும் ஸ்டீராய்டைச் சில நாள் தினமும் கொடுத்துத் தடுக்கலாம் என்று ஒரு பழக்கம் இருந்தது. இலங்கையில் பேராதனையிலும் டெல்லி எய்ம்ஸிலும் நடந்த சிறிய ஆய்வுகள் இதில் பலன் உண்டு என்றன, எங்களுக்கும் முதல் வருடம் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு பிரிட்டனில் பிரட்னோஸ் 2 என்று 365 பிள்ளைகளைச் சேர்த்துப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள், முடிவு 2022ல் வந்தது. பாதிப் பேருக்குச் சளியின்போது ஆறு நாள் ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இரண்டு பக்கமும் நூற்றுக்கு நாற்பத்து மூன்று நாற்பத்து நான்கு என்று ஏறக்குறைய ஒரே கணக்கில் ரிலாப்ஸ். அந்தப் பிள்ளைகளுக்கு ரிலாப்ஸ் வந்ததா இல்லையா என்பதற்கும் அளவுகோல் இதே மூன்று நாள், மூன்று பிளஸ்தான். அடுத்த விசிட்டில் டாக்டரிடம் கேட்டேன், எங்களுக்கு அந்தச் சளி டோஸை நிறுத்திவிட்டார். வருடத்துக்கு ஐந்தாறு சளி பிடிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு மாத்திரை மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முகம் உப்பி, ராத்திரி பதினொரு மணிக்கு இட்லி கேட்டு அழுது, வகுப்பில் "பூரி" என்று பெயர் வாங்கிய பிள்ளை அவன்.

ஸ்ட்ரிப்பால் முடியாதது ஒன்று உண்டு. இது கசிவு தொடங்கியதைச் சொல்லும், அடுத்த கசிவு எப்போது என்று சொல்லாது. அதற்குத்தான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது. சிறுநீரக வடிகட்டியில் நெஃப்ரின் என்று ஒரு புரதம், 1998ல் ஃபின்லாந்துக் குழந்தைகளின் பிறவி நோயைத் தேடும்போது அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த நெஃப்ரினையே நம் உடம்பின் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தாக்குகிறது என்று 2022ல் பாஸ்டனிலும், 2024ல் ஹாம்பர்க் குழுவினரின் பெரிய ஆய்விலும் வந்தது. நோய் தீவிரமாக இருந்து, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதுவும் எடுக்காத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் இரத்தத்தில் அது இருந்ததாம். இந்த எதிர்ப்பொருள் ஏறுவதை வைத்து ரிலாப்ஸை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்றுதான் பார்க்கிறார்கள். அந்த டெஸ்ட் நம் ஊர் லேபுக்கு வந்து, நம் கைக்கு எட்டும் விலையிலும் வந்தால் முதல் ஆளாக நிற்பேன். அதுவரை பட்டைதான்.

நான்கு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது மூடிக்கும் சார்ட்டுக்கும்.

கடைசியாக, வாங்குபவர்களுக்கு: ஆன்லைனில் பாதி விலைக்கு என்று ஒரு தடவை வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம், காலாவதி ஆக ஏழு வாரம்தான் இருந்தது, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்கள். இப்போது மெடிக்கலில் நேரில் போய்த் தேதியைப் பார்த்து, உடைக்காத சீல் பார்த்துத்தான் வாங்குகிறேன். திறந்த தேதியைப் பேனாவால் மூடி மேல் எழுதி வைக்கிறேன். சார்ட் மங்குவதற்கு முன்பே பழைய பாட்டிலின் லேபிளை வெட்டி எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன், ஆனால் அதே கம்பெனி பாட்டிலுக்குத்தான் அது செல்லும், கம்பெனி மாறினால் பச்சையும் மாறும்.