காட்பாடி ஜெராக்ஸ் கடையில் பாசிட்ரான் பட்ட பாடு

பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து கிடக்கும் வாயு) அலையில் பாசிட்ரானை (எலக்ட்ரானின் நேர்மின் ஜோடித் துகள்) முடுக்குவது பற்றிய என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க, காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். ஸ்பைரல் பைண்டிங் அருமை. ஆனால் வேர்டு ஃபைலை அப்படியே திறந்து பிரிண்ட் கொடுத்ததில் கிரேக்க எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்துவிட்டது, பிடிஎஃப் ஆக்கி மறுபடி எடுக்கச் சொன்னால் முதல் செட்டுக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்கள். பிடிஎஃப் இல்லாமல் போகாதீர்கள்.

கலர் பிரிண்ட் இன்னும் மோசம். ரிப்போர்ட்டில் இருந்த ஒரு படத்தில் நிறம்தான் விஷயமே: எலக்ட்ரான் கற்றை ஒன்று பிளாஸ்மாவுக்குள் பாய்ந்தால் அங்குள்ள எலக்ட்ரான்களை ஓரமாகத் தள்ளிவிடும், நடுவில் நேர்மின் அயனிகள் மட்டும் மிஞ்சிய ஒரு குமிழி உருவாகும், அதற்குள் பின்னால் வரும் எலக்ட்ரான்கள் குவிந்து ஓடும், பாசிட்ரானும் நேர்மின் என்பதால் அது வெளியே சிதறும். இவர்கள் பிரிண்டில் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் பிரித்துக் காட்டும் சிவப்பும் நீலமும் ஒரே ஊதா!

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?" என்றார் கடைக்கார அண்ணா. நிறை ஒன்றுதான், மின்சுமைதான் எதிர் என்றேன். அப்புறம், இந்தச் சிதறல் சிக்கலையும் மீறி 2015இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் வெறும் 1.3 மீட்டர் பிளாஸ்மாவில் பாசிட்ரான்களுக்கு 5 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகில் 500 கோடி) கூடுதல் ஆற்றல் கிடைத்த கதையையும் சொன்னேன். "நம்ம கவுண்டர் நீளம்கூட இல்லையே" என்று ஆச்சரியப்பட்டவர், முதல் செட்டுக்குப் பாதிக் காசுதான் வாங்கினார். கலர் பக்கங்களை மட்டும் வேலூரில் வேறு கடையில் எடுத்தேன்.