மாலையில் ஒரு மணி நேரமா, ஞாயிறு முழுவதுமா? பாதியில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை முடிக்கும் வழிகள்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் 1968-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சக்கரங்கள் கழற்றப்பட்டு, நான்கு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் ஓடாமல் கிடந்த அந்த வண்டியை 2009-இல் வாங்கியபோது, இரண்டே ஆண்டில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். அப்போது இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகள் இப்போது சம்பளம் வாங்குகிறாள். இடையில் பணம் சில முறையும் உதிரிபாகம் பல முறையும் தடையாக நின்றன என்றாலும், வேலையை மெய்யாகவே முடக்கிப் போட்டது நேரம்தான். அந்த நேரத்துக்காக நான்கு வழிகளை முயன்றிருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்குவது, வேலைநாள் மாலைகளில் ஒரு மணி நேரம் எடுப்பது, ஒரேயடியாக விடுப்புப் போடுவது, பட்டறையில் ஒப்படைத்துவிடுவது. வரித் தணிக்கை அலுவலகம் நடத்துபவன் என்பதால், எத்தனை மணி நேரம் உள்ளே போனது, எவ்வளவு வேலை முடிந்தது என்று நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த அலசல் அந்த நோட்டிலிருந்து வருவது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதல் நான்கு ஆண்டுகள் வண்டி மலையிலேயே, வாடகைக் கொட்டகை ஒன்றில் இருந்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போக ஒரு மணி நேரமும் திரும்ப ஒரு மணி நேரமும் ஆகும். நான்கு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்பதை, மலைக்காற்றின் மயக்கத்தில், நான் செலவாகவே எழுதவில்லை. அதைவிட மோசமானது ஈரம். மழைக்காலத்தில் மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து நிற்கும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டு, துளைச் சுவர்களில் எண்ணெய் தடவ மறந்து இறங்கி வந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது நான்கு துளைகளிலும் செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருந்தது. சேலத்துக் கொட்டகையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் பதினொரு மணிக்கு மேல் ஸ்பேனரைக் கையால் தொட முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் சமையலறைக் கதவிலிருந்து இருபது அடியில் இருக்கும் வெக்கையான கொட்டகை, மலைமேல் இருக்கும் குளிர்ந்த கொட்டகையைவிட அதிக வேலையை வாங்கிக்கொண்டது. வண்டியை இறக்கிக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற வழிகளை ஒப்பிடுவதற்கே அர்த்தம் ஏற்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் தாளில் பார்க்க மிக அழகானது. காலை எட்டு முதல் இரண்டு வரை, இடையூறு இல்லாத ஆறு மணி நேரம். நடைமுறையில் மாதத்துக்கு நான்கு ஞாயிறுகளில் இரண்டுதான் கைக்கு வந்தன. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் முகூர்த்தங்கள். மிஞ்சியவற்றில் காதுகுத்தும் புதுமனை புகுவிழாவும். போகாவிட்டால், "கார் பெருசா, கல்யாணம் பெருசா?" என்று பெரியப்பா கேட்பார். அதற்குப் பதில் சொல்லிப் பயனில்லை. கிடைத்த ஞாயிறுகளிலும் எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். தேய்ந்த புஷ் ஒன்றை அளவெடுத்துக் கடைசல் பிடித்துத் தர லேத் பட்டறை கிடையாது. ஒரு போல்ட் முறிந்தால் அன்றைய வேலை அதோடு சரி. இந்த வண்டியின் மரைகளும் நட்டுகளும் அங்குல அளவிலானவை, மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒட்டாது என்பதால், அடுத்த தெருக் கடையில் வாங்கிச் சமாளிக்கும் வழியும் அடைபட்டிருந்தது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிறுத் திட்டத்தைத் தின்றது மறதி. ஒரு ஞாயிறு காலை பழைய காப்பித்தூள் டப்பா ஒன்றைத் திறந்தேன். மூடியில் என் கையெழுத்தில் "இடது முன், மேல்" என்று எழுதியிருந்தது. உள்ளே நான்கு போல்ட்டுகள், மூன்று வாஷர்கள். மூன்றுதான் இருந்தனவா, நான்காவதைத் தொலைத்தேனா என்பதைக் கண்டுபிடிக்க, வலது பக்கத்து டப்பாவைத் தேடி, அதைத் திறந்து, அதிலும் மூன்று இருப்பதைப் பார்த்து, பிறகு சர்வீஸ் புத்தகத்தின் படத்தை விரித்து உறுதிசெய்வதற்குள் மணி பத்தரை ஆகிவிட்டது. நோட்டின்படி, இரு வார இடைவெளிக்குப் பின் விட்ட இடத்தைத் தொட சராசரியாக ஒன்றரை மணி நேரம் பிடித்திருக்கிறது. நான்கு மணி நேரம் குனிந்து நின்ற பிறகு செய்த வேலைகளில் பாதியை மறுபடியும் செய்ய நேர்ந்தது என்பதையும் அதே நோட்டு சொல்கிறது.

மாலைத் திட்டத்துக்கு என் தொழிலே எதிரி. ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1, 20-ஆம் தேதி 3பி என்று ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்கான கெடுக்கள். இடைப்பட்ட நாட்களில் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். ஜூலைக் கடைசியிலும் செப்டம்பர் முழுவதும் கொட்டகையின் பூட்டையே தொடுவதில்லை. இவற்றைக் கழித்தால் மாதம் பன்னிரண்டு மாலைகள் தேறும். ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். அதில் விட்ட இடத்தைத் தொட பத்து நிமிடம். கணக்குப் போட்டால் மாலைகள் மாதம் எட்டு மணி நேரம் தருகின்றன. இரண்டு ஞாயிறுகள், ஒன்றரை மணி நேரத்தைக் கழித்த பிறகும், ஒன்பது மணி நேரம் தருகின்றன. தணிக்கையாளனாக இந்தக் கணக்கில் ஞாயிறுக்கே கையெழுத்திட வேண்டும். ஆனால் மாலையில் கழற்றிய உறுப்பை மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில் லேத்தில் கொடுத்து, திரும்பும்போது வாங்கிக்கொள்ள முடிகிறது. ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வாரம் தள்ளிப்போகும் காரியம் இதில் ஒரே நாளில் நடந்துவிடுகிறது. அந்த ஒரு வேறுபாடு மணிக்கணக்கையே புரட்டிப் போட்டுவிட்டது.

ஐம்பது நிமிடத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஸ்பிட்ஃபயர் நல்ல வண்டி. அதன் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே கூடாக முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலையைப் பார்க்கலாம். எட்டு வால்வுகளின் இடைவெளியை 10 தௌவுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) வைப்பது ஒரு மாலை வேலை: இரண்டு வால்வு எண்களும் கூடினால் ஒன்பது வருவதால் ஒன்பதின் கணக்கு என்பார்கள், எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் சரிசெய்வது. ஒரு எஸ்.யு. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டுவது ஒரு மாலை, இரண்டாவது மறுநாள். முன்சக்கரத்தைத் தாங்கும் பித்தளை ட்ரன்னியனுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மாலைகள் தேவைப்பட்டன. அதற்கு கிரீஸ் போடக் கூடாது, இ.பி. 90 கியர் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். என் வண்டியில் யாரோ பல காலம் கிரீஸ் அடித்திருந்ததால், எண்ணெய் சேரவேண்டிய மரைகளுக்குள் தண்ணீர் தங்கி, உள்ளே இருந்த எஃகுத் தண்டு துருவில் பாதி கரைந்திருந்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே குடும்பம். இரண்டின் அடிச்சட்ட வடிவமும் முன்பக்க அமைப்பும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால், சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஹெரால்டு என்று கேட்டு வாங்கிய சில சாமான்கள் எனக்குப் பயன்பட்டன.

மாலைக்கு ஒத்துவராதவையும் உண்டு. கியர்பாக்ஸோடு எஞ்சினைத் தூக்குவது, கண்ணாடி பொருத்துவது, பெயின்ட் அடிப்பது ஆகியவற்றைப் பாதியில் நிறுத்த முடியாது. மாலைகள் நீண்டுகொண்டே போகும் என்பதால், கிடந்தால் கெட்டுப்போகும் சாமான்களைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நான் 2014-இல் ஆசையாசையாகப் பிரேக் வேலையை முதலில் முடித்து எண்ணெயும் நிரப்பி வைத்தேன், வண்டி அசையாமல் நின்றதில் சிலிண்டர்கள் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அத்தனையையும் கழற்ற வேண்டியதாயிற்று. டயரும் பேட்டரியும் அதே ரகம். ஒரு மாதத்தில் முடிப்பவருக்கு வரிசை முக்கியமில்லை. ஆண்டுக்கணக்கில் முடிப்பவருக்கு வரிசைதான் பாதி வேலை.

நீண்ட விடுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு மே மாதம் பதினைந்து நாள் எடுத்தேன். மூன்றாம் நாள் கிளட்ச் பெடலை அமுக்கினால் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் ஆடுவதைக் கண்டேன். அந்த ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள், இந்த எஞ்சின்களின் பெயர்போன பலவீனம், தேய்ந்திருந்தன. கூடுதல் தடிமனில் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். பொட்டலம் வந்து சேர்ந்தபோது நான் அலுவலகத்துக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. மிச்ச பன்னிரண்டு நாட்களில் கோடை விழாவுக்கு ஏற்காடு போக வந்த உறவினர்களுக்கு வண்டி ஓட்டினேன், வேறு வண்டி. எல்லாச் சாமானும் கையில் இருந்து, பொருத்துவது மட்டுமே மிச்சம் என்றால் விடுப்பைப்போல் சிறந்தது இல்லை. அதற்கு முன் எடுக்கும் விடுப்பு, கடையில் அரிசி இல்லாமல் உலையை வைத்த கதைதான்.

பட்டறையில் ஒப்படைப்பது, நேரமே இல்லாதவர்களுக்குச் சொல்லப்படும் முதல் யோசனை. நாமக்கல் பக்கம் லாரிக் கூண்டு கட்டும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். 2016-இல் டிங்கரிங்குக்காக உடற்கூட்டை மட்டும் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் வண்டிகள்தான் சோறு போடுபவை. என் வண்டி எப்போதும் அடுத்த வாரத்து வேலை. "ஆடி போகட்டுங்க சார், எடுத்துக்கலாம்" என்றார்கள். ஆடி போய், ஐப்பசி மழையும் வந்தது. எட்டு மாதத்தில் நான் போய்ப் பார்த்த தடவைகளையும், போனில் பேசிய நேரத்தையும் கூட்டினால் நாற்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதைவிடப் பெரிய செலவு ஒன்று காத்திருந்தது. கூரையில்லாத வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புதான் உடற்கூட்டின் பாரத்தைத் தாங்குகிறது. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து முட்டுக் கொடுக்காமல் அந்த விளிம்பை வெட்டினால் நடு இறங்கிவிடும். அவர்கள் கதவையும் கழற்றி, முட்டும் கொடுக்காமல் வெட்டியிருந்தார்கள். இடது கதவு மேலே இடித்தது, கீழே விரல் போகும் சந்து தெரிந்தது. சண்டை போட்டுப் பயனில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, பற்றவைத்ததைப் பிரித்து, மறுபடி அளவுக்குக் கொண்டுவர ஓராண்டு மாலைகள் போயின.

இதனால் பட்டறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிராங்க் அரைப்பது, சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் செய்வது, ரேடியேட்டர் அடைப்பு எடுப்பது ஆகியவற்றில் தாளில் எழுதித் தரக்கூடிய அளவு இருக்கிறது. கொடுத்த தேதியும் வாங்கும் தேதியும் இருக்கின்றன. இப்படிப்பட்ட வேலையை வெளியே தருவதால் நேரம் மிச்சமாகிறது. முழு வண்டியைத் தரும்போது நாம் தருவது வேலையை அல்ல, கவலையை. அது பட்டறையில் தங்காமல் மாலையில் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். பெயின்ட் மட்டும் விதிவிலக்கு. அதை வெளியேதான் அடிக்கப் போகிறேன், ஆனால் கதவும் பானெட்டும் ஒரு முறை பொருத்திச் சந்துகள் சரியாக இருக்கின்றன என்று பார்த்த பிறகு, காற்றில் ஈரம் குறைந்திருக்கும் மாசி, பங்குனியில், சேலத்திலேயே. ஈரக்காற்றில் அடித்தால் பெயின்ட்டின் மேல் வெண்மை படர்ந்துவிடும்.

விடுப்பு நாட்களுக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாக, எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகளோடு பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது என்ற நிபந்தனை என்னை உறுத்தவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகம் ஞாயிறும் திறக்காது, இரவு ஏழு மணிக்கும் திறக்காது. ஆகவே எனக்குக் கிடைக்கும் அரை நாள் விடுப்புகள் இனி ஸ்பேனருக்கு இல்லை, காகிதத்துக்கு.

இப்போது நடைமுறையில் இருப்பது ஒரு கலவை: 21-ஆம் தேதி முதல் மறுமாதம் 9 வரை மாலைகள், இரண்டு பேர் தேவைப்படும் தூக்கல் வேலைகளுக்கு மட்டும் மாதம் ஒரு ஞாயிறு, அளவு எழுதித் தரக்கூடிய அனைத்தும் லேத்துக்கு. ஒவ்வொரு மாலையும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை வைத்துவிட்டு, மறுநாள் முதலில் தொடவேண்டிய உறுப்பு எது, எந்த டப்பா, எந்த ஸ்பேனர் என்று சாக்பீஸால் கொட்டகைச் சுவரில் எழுதுகிறேன். விட்ட இடத்தைத் தொடும் பத்து நிமிடம் இப்போது மூன்றாகியிருக்கிறது. நேற்று எழுதியது: "வலது ட்ரன்னியன். எண்ணெய். கிரீஸ் இல்லை."