தி எக்ஸார்சிஸ்ட்: தலை சுற்றும் காட்சிக்காகப் பார்க்காதீர்கள்

1973 டிசம்பர் 26-ல் அமெரிக்காவில் வெளியானதிலிருந்து 'உலகத்திலேயே பயங்கரமான படம்' என்ற பட்டத்தைச் சுமந்து வருகிறது இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினின் 'தி எக்ஸார்சிஸ்ட்'. அந்தப் பட்டத்தை நம்பி இன்று முதல் தடவை பார்க்க உட்காருகிறவர்கள் பலருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. அவர்கள் காத்திருப்பது பேய் பிடித்த சிறுமி ரீகனின் தலை முழு வட்டமாகச் சுற்றுவதற்கும், பச்சை வாந்திக்கும், கட்டில் எகிறிக் குதிப்பதற்கும். படத்தில் கிழடுதட்டிப் போனவை சரியாக அந்தக் காட்சிகள்தான். சுற்றுவது பொம்மைத் தலை என்பது இன்றைய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். வாந்தியும் குழாய் வழியாகப் பீய்ச்சிய பட்டாணி சூப்தான்.

அதே தலைக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எலும்பு நொறுங்குவது போன்ற அந்தச் சத்தத்தை மெக்சிகோ ஒலிக் கலைஞர் கொன்சாலோ கவீரா உண்டாக்கியது ஒரு பழைய தோல் பர்ஸை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து முறுக்கி. பேயின் குரலுக்கு மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகை பச்சை முட்டை விழுங்கினார், விடாமல் சிகரெட் பிடித்தார், விஸ்கி குடித்தார். பல இடங்களில் நாற்காலியில் கட்டிப்போடச் சொல்லிப் பேசினார். இதை வெறும் கரகரப்பு என்று தள்ளிவிட முடியாது. மூச்சு இழுபடுவதும் சளி உருளுவதும் தனித்தனியாகக் கேட்கும். படம் வாங்கிய இரண்டு ஆஸ்கர்களில் ஒன்று ஒலிக்கு. அது சும்மா வந்ததல்ல. (இன்னொன்று, தன் நாவலைத் தானே திரைக்கதையாக்கிய வில்லியம் பீட்டர் பிளாட்டிக்கு.) பின்னணி இசையும் மிகக் குறைவு. லாலோ ஷிஃப்ரின் போட்டுக்கொடுத்த இசையை ஃப்ரீட்கின் தூக்கி எறிந்துவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த அந்த 'டியூபுலர் பெல்ஸ்' இசை மொத்தப் படத்திலும் கொஞ்ச நேரம்தான் வருகிறது.

உண்மையில் வயிற்றைப் பிசையும் இடம் ஆஸ்பத்திரிதான். மூளையில் கோளாறு இருக்குமோ என்று பார்க்க ரீகனின் கழுத்து ரத்தக்குழாயில் ஊசி செலுத்திப் படம் எடுக்கிறார்கள். ஊசி இறங்கியதும் ரத்தம் பீறிடுகிறது. எக்ஸ்ரே இயந்திரம் தடதடவென்று அடிக்கிறது. பக்கத்தில் நிற்பவர்களோ சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். இசை கிடையாது, பேயும் கிடையாது. கடைசியில் வரும் விடை, 'படத்தில் ஒன்றும் தெரியவில்லை' என்பது. பேயோட்டிப் பார்க்கலாமே என்ற யோசனையை முதலில் சொல்வதுகூட ஒரு மருத்துவர்தான், அதுவும் நம்பிக்கையால் வந்த நோய்க்கு நம்பிக்கையே மருந்து என்ற கணக்கில். கடவுள் நம்பிக்கை இல்லாத அம்மாவாக எல்லன் பர்ஸ்டின் அதைக் கேட்டுக் கொதிப்பது, படத்தின் மிகச் சிறந்த நடிப்புத் தருணங்களில் ஒன்று.

ரீகனைப் பார்க்க வரும் பாதிரியார் காராஸின் கதை இதைவிட நுட்பமானது. அவர் மனநல மருத்துவரும்கூட. நியூயார்க்கில் தனியாக விட்டு வந்த தாய் தர்ம ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் கிடந்து, பிறகு இறந்துபோகிறாள். அந்தக் குற்ற உணர்ச்சிதான் பேய்க்குக் கிடைக்கும் பிடி. தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் ஒரு பிச்சைக்காரர், 'பழைய பூசை உதவிப் பையனுக்கு ஏதாவது கொடுங்கள், ஃபாதர்' என்பார். காராஸ் எதுவும் கொடுக்கமாட்டார். வெகுநேரம் கழித்து அதே வாக்கியம் சிறுமியின் வாயிலிருந்து வரும். கேமரா அதை அழுத்திக் காட்டாது, அசந்தால் தவறவிடுவீர்கள். பேய் நிஜம் என்பதற்குப் படம் வைக்கும் பலமான சாட்சி அது. எதிர்ச் சாட்சியும் உண்டு: புனித நீர் என்று சொல்லிக் காராஸ் தெளிப்பது வெறும் குழாய்த் தண்ணீர், அதற்கே அவள் துடிக்கிறாள். இப்படி இரண்டு பக்கமும் எடை போட்டுக்கொண்டே போவதால், பேயோட்டும் சடங்கு தொடங்குவதற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. முதல் பாதி இழுக்கிறது என்று சொல்பவர்கள் ஓட்டிவிடுவது இவற்றைத்தான். அதன் பிறகு முடிவு கனக்காததில் ஆச்சரியமில்லை.

சடங்கு நடக்கும் அறையில் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லோர் வாயிலிருந்தும் வரும் ஆவி. அது நிஜம். செட்டையே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டி எடுத்தார்கள். விளக்குகளின் சூட்டில் குளிர் குறைந்துவிடும், மறுபடி குளிர வைக்க வேண்டும். கணினியில் வரைந்த ஆவியில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: நடிகர்கள் குளிரில் விறைக்கிறார்கள். கிழட்டுப் பாதிரியாராக வரும் மேக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது 45 வயதுகூட ஆகவில்லை. டிக் ஸ்மித்தின் மேக்கப்பைக் க்ளோஸப்பில்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

குறைகள் இல்லாமல் இல்லை. லீ ஜே. காப் நடித்த துப்பறியும் அதிகாரி வரும் காட்சிகள் எல்லாம் நீளம். அவர் கண்டுபிடிப்பது எதுவும் கதையை அசைப்பதில்லை. ஈராக்கின் ஹத்ரா இடிபாடுகளில் எடுத்த தொடக்கப் பகுதி அபாரமாக இருந்தாலும், அங்கே காட்டப்படும் பேய்ச் சிலைக்கும் வாஷிங்டன் சிறுமிக்கும் என்ன தொடர்பு என்பதைப் படம் நம் ஊகத்துக்கே விட்டுவிடுகிறது.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்பதுதான் முக்கியமான கேள்வி. 1973 பதிப்பு 122 நிமிடம். 2000-ல் வந்த நீட்டிப்பு 132 நிமிடம். முதல் தடவைக்கு 122-தான். நீட்டிப்பில் சுவர்களிலும் அடுப்படியிலும் கணினி வழியாகப் பேய் முகங்களை ஒட்டியிருக்கிறார்கள். பழைய பதிப்பில் காராஸின் கனவில் ஒரு கணம் மின்னி மறையும் வெள்ளை முகத்தின் வேலையை இவை கெடுத்துவிடுகின்றன. சிறுமி படிக்கட்டில் சிலந்தி மாதிரி இறங்குவது தனியாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் நிலை அவ்வளவு முற்றாத கட்டத்தில் வந்து, படிப்படியாக ஏறும் பயத்தை அவசரப்படுத்திவிடுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் நீட்டிப்பு மேல்: 'டாக்டர் சொன்ன மாதிரி இது நரம்புக் கோளாறுதான்' என்று அம்மா சொல்வதற்கு முன்னால் அந்த டாக்டரைக் காட்டுகிறது. பழைய பதிப்பில் அந்தக் காட்சி வெட்டுப்பட்டதால் வசனம் அந்தரத்தில் தொங்கும். 2023-ல் வந்த 4கே வட்டில் இரண்டு பதிப்புகளும் உண்டு.

டப்பிங் வேண்டாம், எந்த மொழியானாலும். மெக்கேம்பிரிட்ஜ் குரல் போய்விட்டால் படத்தில் பாதி போய்விடும். டிவி ஸ்பீக்கரை நம்பாமல் ஹெட்ஃபோன் போடுங்கள். சிலுவையை வைத்து வரும் காட்சி பெரியவர்களையே உலுக்கும், ஆகவே வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுவது நல்லது.