உப்புவெளிக் கடற்கரை உணவகம்: கறி நன்று, கவனிப்பு இல்லை

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றிலுள்ள இந்த உணவகத்தின் சமையலைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. கணவாய்க் கறி பதமாக வெந்திருந்தது. பாரைக் குழம்பில் புளியும் உறைப்பும் அளவோடு இருந்தன. கடையின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன். இந்தக் கரையிலுள்ள வேறு சில கடைகளுக்கும் இதே மதிப்புரை அப்படியே பொருந்தும்.

அம்மாவும் தங்கை குடும்பமும் நானுமாக மாலையில் போய் அமர்ந்தோம். மேசையில் முந்தியவர்களின் எச்சில் தட்டுகள் இருந்தன. அவற்றை அகற்றும்படி கேட்டபோது தலையசைத்துவிட்டுப் போன ஊழியர், எங்களுக்குப் பின்னால் வந்த வெளிநாட்டவர் குழு ஒன்றுக்குக் கதிரை இழுத்துப் போட்டு, தண்ணீர்ப் போத்தலும் வைத்து, அவர்களிடம் ஓடர் எடுத்து முடித்த பின்னரே எங்கள் பக்கம் திரும்பினார். உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால் அம்மாவுக்கு நான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. திருகோணமலையில் நடக்கும் கடைக்கு இது அழகல்ல. மீனுக்கு நேரே விலை இல்லை. கேட்டால், "அது சைசைப் பொறுத்தது" என்றார்கள்; எந்த சைசுக்கு எவ்வளவு என்பதைப் பில் வந்தபோதுதான் அறிந்தோம். விலையைக் காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ள கடமை என்பதை இவர்களுக்கு யாரும் நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

சோறு வந்து வெகுநேரம் கழித்தே குழம்பு வந்தது. அதற்குள் பிள்ளைகள் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். முடிவில் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தது. எந்தச் சேவைக்கு என்று கேட்டேன். காசாளர் மேசையிலிருந்தவர் கைப்பேசியிலிருந்து முகத்தை எடுக்காமலே, "சீசன் நேரம் அண்ணை, எல்லா இடத்திலயும் இப்படித்தான்" என்றார்.

பரிமாறிய பையனை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு இளைஞர் பலர் வெளிநாடு போய்விட்ட நிலையில், பழகிய ஆட்களைப் பிடிப்பது முதலாளிமாருக்குச் சிரமம் என்பதும், ஒருவரே நாலைந்து மேசையைப் பார்க்க நேர்வதும் உண்மை. ஆனால் யாரை முதலில் கவனிப்பது என்பது ஆட்பற்றாக்குறையால் வந்த பழக்கமல்ல. அது மேலிருந்து வருகிறது.

இதில் வியாபாரக் கணக்கும் பிழைத்துப்போகிறது. கிழக்குக் கரையின் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் நிலாவெளிக் கடலும் கலங்கிவிடும், புறாமலைத் தீவுக்குப் போகும் படகுகளும் கரையேறிவிடும், வெளிநாட்டவரும் தென்கரைக்குப் போய்விடுவார்கள். பிறகு அந்தக் கதிரைகளை நிரப்ப வேண்டியவர்கள் ஓர்ஸ் ஹில்லிலும் நகரத்திலும் இருக்கும் அரச, வங்கி ஊழியர்களும், திருக்கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து வேன் பிடித்து வருபவர்களுந்தான். பிறந்தநாள் சாப்பாடு, அலுவலகப் பிரியாவிடை, ஞாயிற்றுக்கிழமைக் குடும்ப விருந்து என்று ஆண்டு முழுதும் வரக்கூடிய அந்த வியாபாரத்தைத்தான் சீசனில் காக்கவைத்துக் கலைத்துவிடுகிறார்கள். எங்கள் அலுவலகத்தின் அடுத்த விருந்துக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இந்தக் கடையைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பேருந்து நிலையத்துக்கு அண்மையில் நான் வழமையாகப் போகும் சைவக் கடையில் மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாது. ஆனால் இடியப்பம் முடியும் முன்பே, "தம்பி, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டா?" என்று ஐயா வாளியோடு வந்து நிற்பார். அங்கே சேவைக் கட்டணம் என்று எதுவும் வாங்குவதில்லை. மதியத்தில் இடம் பிடிக்க வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

உப்புவெளிக் கடையின் கணவாய்க்கு ஆசைப்படுபவர்கள் தொலைபேசியில் சொல்லிவைத்துப் பார்சல் எடுத்துப் போகலாம். சூடாகவே கட்டித் தருகிறார்கள், அதற்கு அந்த 10 வீதமும் இல்லை.