குஞ்சுக்குச் சூடு: குண்டு பல்பா, கரி அடுப்பா, கேஸ் புரூடரா?

நாட்டுக்கோழிக் குஞ்சு இருநூறு இறக்கினால், முதல் மூன்று வாரம் சூடு கொடுப்பதுதான் பெரிய வேலை. பத்துப் பதினைந்து குஞ்சுக்கு அடைக்கோழியே போதும். அதற்கு மேல் போனால் நம் பக்கம் மூன்று வழி: குண்டு பல்பு, கரி அடுப்பு, கேஸ் புரூடர் (கேஸில் எரிந்து குஞ்சுக்குச் சூடு தரும் சாதனம்). நான் பல்பு பக்கம்.

செலவு பார்த்தால் கரி கையைக் கடிக்காது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொட்டாங்குச்சிக் கரிக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் நான் முடிவெடுத்தது விடியற்காலைச் சூட்டை வைத்துத்தான்.

முதல் வாரம் குஞ்சு நிற்கிற மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். கரி பற்றியதும் கணகணவென்று இருக்கும், நடுச்சாமம் தாண்டினால் நீர்த்துப் போகும். மார்கழி, தையில் குளிர் ஏறுவதும் அந்த நேரத்தில்தான். யாராவது எழுந்து கரி போடாவிட்டால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடையும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துவிடும். குளிருக்குப் பயந்து கொட்டகைப் படுதாவை இறுக்கக் கட்டினால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். காற்றுப் போக இடம் விட்டால் சூடும் கூடவே போகும்.

பல்பில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. குஞ்சுக்கு 2 வாட் கணக்கு, இருநூறுக்கு 400 வாட். அதை 100 வாட் பல்பு நாலாகப் போடுங்கள். ஒன்று பியூஸ் போனாலும் மற்ற மூன்றும் விடியும்வரை சமாளிக்கும். எல்இடி வெளிச்சத்துக்கு மட்டும்தான், சூட்டுக்கு ஆகாது. பல்பைக் கயிற்றில் தொங்கவிட்டால் போதும், எவ்வளவு உயரம் என்று குஞ்சே காட்டிவிடும். அடியில் குவிந்தால் இறக்குங்கள். குஞ்சைச் சுற்றிக் கட்டிய தகரத் தடுப்போரம் ஒதுங்கி வாய் பிளந்தால் ஏற்றுங்கள். பரவலாகப் படுத்திருந்தால் கை வைக்காதீர்கள். ராத்திரி ஒரு குஞ்சை எடுத்து அதன் காலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால், மேலே காற்று சூடாக இருந்தும் கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூள் குளிர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். குஞ்சு வருவதற்கு முந்தின நாளே பல்பைப் போட்டுத் தரையைச் சூடாக்கி வைப்பது இதற்காகத்தான்.

பல்பின் பலவீனம் கரண்ட். ஆடிக்காற்றில் லைன் போனால் சூடும் வெளிச்சமும் ஒன்றாகப் போகும். திடீர் இருட்டில் குஞ்சு மிரண்டு மூலையில் குவியும். தடுப்பை வட்டமாகக் கட்டினால் குவிய மூலை இருக்காது. 150 ஏஎச் பேட்டரி போட்ட இன்வெர்ட்டர் 400 வாட்டை மூன்று மணி நேரம் தாங்கினாலே பெரிது. அதனால் ஒரு தகர டின்னும் அரை மூட்டைக் கரியும் எங்கள் சாளையில் (தோட்டத்து வீட்டில்) எப்போதும் இருக்கும். வெளியே பற்றவைத்து, புகை அடங்கி நன்றாகக் கனன்ற பிறகுதான் உள்ளே கொண்டுபோவோம். அப்போதும் படுதாவை முழுக்க மூடமாட்டோம்.

கேஸ் புரூடரை நான் ஓட்டியதில்லை. பல்லடம் பக்கம் மச்சானின் பிராய்லர் பண்ணையில் பார்த்ததோடு சரி. அங்கே அதைச் சுற்றிக் குஞ்சு சீராகப் பரவிப் படுத்திருந்தது, கரண்டை எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், ஓஸ் என்று இருநூறு குஞ்சுக்காக முதல் போடுவது கட்டுப்படியாகாது என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கில் இறக்குகிறவர்கள், குளிர்காலத்தில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று ஓட்டுகிறவர்களிடமே கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.